ரோபோவுக்குள் ஏறும் பெண்

என் கணவர் இரத்தினபுரியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை மாலை றக்வான பஸ்ஸில் வந்து இறங்கி, ஏற்றம் ஏறி தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், மறுநாள் மாலை வரைதான் இருப்பார். அந்த நேரத்தில் பாதியை அவருடைய தங்கை எடுத்துக்கொள்வாள்.

இருவரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒரே போனில் ஜப்பான் அனிமே பார்ப்பார்கள். மலை உயரத்துக்கு ஒரு ரோபோ. அதற்குள் ஏறி அதை ஓட்டுகிற, பள்ளிக்கூட வயதுப் பெண். கதை முழுக்க இருட்டு, அழுகை, சாவு. ஆனால் பார்த்து முடித்ததும் அண்ணனும் தங்கையும், பல நாள் மழை விட்டு வெயிலைக் கண்டவர்கள் போல இருப்பார்கள். அடுப்படியிலிருந்து அந்த முகங்களைப் பார்க்க எனக்கு எரியும். என்னிடம் அவர் பேசுவதெல்லாம் பிள்ளையின் சளி, பால்மா, போனுக்கு ரீலோட்.

ஒருநாள் நானும் போய் உட்கார்ந்தேன். படத்தின் கீழே சிங்கள எழுத்து ஓடியது. அவர்கள் இருவரும் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான் தமிழில் உயர்தரம் வரை படித்து, தோட்டத்து முன்பள்ளியில் கற்பிக்கிறேன். சிங்களம் நன்றாகப் பேசுவேன். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான்.

“இப்ப என்னா சொன்னா?” என்று கேட்டேன்.

“அண்ணி, நீங்க எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள ரோபோ துருப்புடிச்சிரும்” என்றாள் நாத்தனார்.

அவர் சிரித்தார். அவள் சொன்னதைவிட அந்தச் சிரிப்புத்தான் வலித்தது. பிள்ளை அழுகிறாள் என்று சொல்லி எழுந்துவிட்டேன். பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் போவதற்கு முன் அந்தத் தொடரை என் போனுக்கு ஏற்றிக்கொண்டேன். இது வீட்டுக்கு ஆகாது என்று சொல்ல ஒரு காரணமாவது கிடைக்காதா என்ற நினைப்பு. பிள்ளை தூங்கும் மதியங்களில், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகமும் அப்படியே நின்றது. ஒருமுறை இருக்கையிலேயே வாந்தி எடுத்து, இறங்கி ஓடிவிடுகிறாள். மறுநாள் திரும்ப வந்து ஏறுகிறாள். எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை.

என்னிடம் எல்லோரும் சொல்கிறார்கள். மண்சரிவு எச்சரிக்கை வரும்போதும், பிள்ளையின் உடம்பு சுடும்போதும், “ஒண்ணும் ஆகாது, நீதான் சும்மா பயப்படுற” என்பார்கள். உடனே பயத்தோடு, பயப்படுகிறேனே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க, பயம் போகவில்லை, குற்ற உணர்வு மட்டும் குறைந்தது. நடுங்கும் கையாலும் பிள்ளைக்கு மருந்து அளந்து கொடுக்கலாம். கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறேன். சிரிக்க வைக்கும் படங்கள் எதுவும் எனக்கு இப்படித் தெம்பு தந்ததில்லை.

அடுத்த ஞாயிறு, அந்தப் பெண் ஏன் திரும்பி வந்து ஏறினாள் என்று அண்ணனும் தங்கையும் வாதாடினார்கள்.

“பயம் விட்டுப்போச்சு, அதான் ஏறுனா.”

“போடி, கோவத்துல ஏறுனா.”

தேங்காய் துருவிக்கொண்டே நான் சொன்னேன்: “பயம் எங்க போச்சு? ஏணியப் புடிக்கிற கைய நிப்பாட்டிப் பாருங்க. நடுங்குது.”

அவர் படத்தைப் பின்னால் ஓட்டி, நிறுத்திப் பார்த்தார். “அட, ஆமா. நீ எப்ப பார்த்த?”

“அண்ணி! எங்கிட்ட சொல்லாமப் பார்த்தீங்களா?” நாத்தனாரின் முகம் வாடிவிட்டது. இத்தனை வாரமும் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். பாவமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

“வா” என்று அவர் கட்டிலைத் தட்டினார். நாத்தனார் அவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, கட்டிலின் ஓரத்தில் எனக்கு இடம் விட்டாள். நான் அங்கே உட்காரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றிப் போய் அவருக்கு மறுபக்கத்தில், அவரை ஒட்டி உட்கார்ந்தேன்.

“மெதுவா ஓட்டுங்க” என்றேன். “நான் வாசிக்கணும்.”