மறுக்கா போடுங்க

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தன் ரெக்கார்டு பிளேயரை எங்களிடமே விட்டுவிட்டுப் போனாள். அங்கே அவள் தங்கியிருக்கும் அறையில் இரண்டாவது செருப்பு வைக்கவே இடமில்லையாம். சும்மா கிடக்கிறதே என்று நான் அதில் பாட்டுக் கேட்க ஆரம்பித்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்னது பலித்துத்தான் விட்டது.

எனக்குச் சிங்காநல்லூரில் பெயிண்ட் கடை. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனாலும் நான் கேட்பது இண்டி ராக். அது என்னவென்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சினிமாவுக்கு இல்லாமல், பெரிய கம்பெனி கையிலும் இல்லாமல், நாலு பேர் கூடித் தாங்களே எழுதி, தாங்களே வாசித்து, தாங்களே விற்கிற பாட்டு. அவினாசி ரோட்டில் ஒரு காப்பிக் கடையில் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் ஒரு மேசை போட்டு இசைத்தட்டுகளை விற்பார்கள். போன முறை மூன்று வாங்கி வந்தேன்.

முதலாவது சென்னைப் பையன்களுடையது. வாசிப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் எல்லாப் பாட்டும் உச்சி வெயில், ஒதுங்கி நிற்க ஒரு மர நிழல் கிடையாது. இரண்டாவது பெங்களூரில் புருசனும் பெண்டாட்டியுமாகச் செய்தது. கிடார் தேனாக இருக்கிறது. என்ன, ஒவ்வொரு பாட்டும் நமக்குப் பிடிபடும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. விருந்துக்குக் கூப்பிட்டு நேரே வெற்றிலைத் தட்டை நீட்டின கதை. இருந்தாலும் இரண்டாம் பக்கத்துக் கடைசியில் வார்த்தையே இல்லாமல் ஒரு நீளப் பாட்டு வருகிறது. தகரக் கூரையில் மழை பிடித்து, வலுத்து, ஓய்வது போல. அதற்காகவே அந்தத் தட்டை யாருக்கும் இரவல் தரமாட்டேன்.

எங்கள் கடைக்கு வரும் பெயிண்டர் ஒருவர் சொல்வார், கலர் நல்லா இருக்குதான்னு டப்பாவுல பாக்காதீங்க, ஒரு மழை போகட்டும், செவுத்துல பாருங்க என்று. பாட்டுக்கும் அதே கணக்குத்தான். அதனால் மூன்றாவது தட்டை வாரக்கணக்கில் ஓடவிட்டேன்.

அது எங்கள் ஊர்க்காரர்களுடையது. பாடுகிற பெண் எங்களுக்கு இரண்டு வீதி தள்ளிக் குடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், சர்ச்சில் பாடகர் குழு. சூலூர்ப் பக்கம் ஒரு மாடி அறையில் பதிவு செய்திருக்கிறார்கள். பக்கத்துக் கொட்டகையின் தறிச் சத்தம் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் கேட்கும். முதல் பாட்டில் டிரம்ஸ்காரர் தன்னை அறியாமல் தறியின் தாளத்தையே பிடித்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தத் தட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டு வாய் தண்ணீர் குடித்ததும் அந்தப் பெண் விசயத்துக்கு வந்தாள். அடுத்த ஆல்பத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பாடகியைக் கூட்டி வரலாம் என்று இசைக்குழுவில் பேச்சாம். உச்சத்துக்குப் போகும்போது இவள் குரல் உடைகிறது என்கிறார்களாம். முடிவை அவளிடமே விட்டுவிட்டார்கள். சாயங்காலம் பிராக்டீசில் சொல்லியாக வேண்டும்.

"ஊரு முச்சூடும் கேட்டுப்போட்டனுங்ண்ணா. எல்லாரும் நல்லாருக்குதுங்கறாங்க. நம்மூருல அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்களா?"

எனக்கும் தெரியும். இங்கே உப்பில்லாத குழம்பும் நல்லாருக்குதுங்க, பெயிண்ட் உரிந்த சுவரும் நல்லாருக்குதுங்க. எதிராளி முகம் வாடக்கூடாது. நானும் பாட்டு எழுதுவது சுலபமா, மெட்டுக் கட்டுவது சுலபமா என்று சுற்றிச் சுற்றிப் பேசினேன். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

"மூணாவது பாட்டு எடுபடல அம்மணி. அது வேற யாரோ பாடற மாதிரி இருக்குது."

அவள் நிமிர்ந்தாள். கோபம் இல்லை. "இப்பத்தானுங்ண்ணா நீங்க நெசமாக் கேட்டிருக்கீங்கன்னு நம்பறேன்" என்றாள். "செரி, குரலைச் சொல்லுங்க."

நான் பிளேயர் பக்கம் திரும்பினேன். தட்டில் ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் படுத்திருக்கும் அம்மாவை மெதுவாகக் கூப்பிட்டு எழுப்புகிற பாட்டு. ‘எழுந்திரு’ என்று மேலே போகிற இடத்தில் அவள் குரல் நூலாக மெலிந்து, உடைந்து, உடைந்ததோடு கீழே வரும். அவர்கள் குறை என்று சொன்னது அந்த இடத்தைத்தான். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அது நெருங்கியதும் தலையைக் குனிந்துகொண்டாள். இடம் வந்தது, போயிற்று.

மாடியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது.

"ஏனுங்க, அந்தப் புள்ள தொண்டை உடையற எடத்த மறுக்கா போடுங்க. மொளகாயத் தள்ளிப்போட்டதுல கேக்காமப் போச்சு."

பந்தியில் போதுங்க போதுங்க என்று கையால் இலையை மறைக்கிறவர்களுக்கும் நாங்கள் கரண்டி நிறையப் போடுவோம், அந்தச் சொல்லை யாரும் நம்புவதில்லை. மறுக்கா என்று ஒருவர் கேட்டுவிட்டால் மட்டும் சமையல்காரர் எட்டிப் பார்ப்பார். எங்கள் ஊரில் பொய் கலக்க முடியாத சொல் அது ஒன்றுதான்.

நான் எழுந்து ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். இந்த முறை அவள் தலையைக் குனியவில்லை. குரல் மேலே போய் உடைகிற வரைக்கும் பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வீட்டுப் பெண் பாடுவதைக் கேட்பது போல.

"நானே பாடறேன்னு சொல்லிப்போடறனுங்ண்ணா" என்றாள்.

அப்போதுதான் என் மனைவி முறத்தோடு படி இறங்கி வந்தாள். வந்திருந்தவளைப் பார்த்ததும், தட்டின் உறையில் இருக்கும் பாட்டுக்காரப் பெண் இவள்தான் என்று புரிந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஊர் மரியாதை ஒன்றும் குறையாமல் சொன்னாள்: "வா கண்ணு. உன்ற பாட்டெல்லாம் கேட்டனுங்க. நல்லாருக்குதுங்க."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீர் தளும்பியது.

"அக்கா, நீங்க மேல இருந்து சொன்னதே எனக்குப் போதுமுங்க."