கருங்குழிக் கண்ணாடியில் நான் குடிவைத்த பேய்

ஒரு கைப்பேசிச் செயலியில் வாராவாரம் பேய்த்தொடர் எழுதுகிறேன். சாபம் பிடித்த பொருட்கள் ஒரு சிற்றூரை ஆட்டிவைக்கும் கதை. ஏழாவது வாரம் சரக்கு தீர்ந்துபோய், கருங்குழியில் செல்வி அக்காவின் பழைய சாமான் கடையில் பார்த்த ஆளுயரக் கண்ணாடியில் பேயைக் குடிவைத்தேன். சோம்பேறித்தனத்தில் ஊர்ப் பெயரையும், அதில் ஒட்டியிருந்த கிளி ஸ்டிக்கரையும்கூட மாற்றவில்லை.

அடுத்த மாதம் போனபோது அந்தக் கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

"இன்னாக்கா இது?"

"எவனோ ஒரு பேமானி இதுல பேய் கீதுன்னு கதை எழுதிட்டான். வர்றவங்க போட்டோ எடுத்துக்கினு போறாங்க. ஒரு சாமானையும் தொட மாட்டேன்றாங்க."

"அந்தப் பேமானி நான்தான்க்கா. கண்ணாடிய நானே வாங்கிக்கிறேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"வாணாம். எம் பொண்ணு ரொம்ப நாளா கேட்டுக்கினு கீறா, அவளுக்கே எடுத்துனு போறேன். ஆனா பேய நீதான் அனுப்பி வெக்கணும்."

கண்ணாடியை அவர் வீடுவரை நானும் ஒரு கை பிடித்தேன். அவர் மகள் உடனே அதன்முன் நின்று பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அந்த வாரம் என் பேய் தலைவாரி, பூ வைத்து, கடல் பார்க்க மாமல்லபுரம் பேருந்தில் ஏறிப் போய்விட்டது. சப்பென்று இருக்கிறதென வாசகர்கள் திட்டினார்கள். செல்வி அக்கா மட்டும் கதைக்கு அடியில் கேட்டிருந்தார்: "உக்கார எடம் கெடச்சுதா?"

ஜன்னலோரம் என்று பதில் எழுதினேன். இப்போதெல்லாம் ஒன்றில் பேயைக் குடிவைக்குமுன் அது யார் வீட்டுப் பொருள் என்று விசாரித்துவிடுகிறேன்.