கரண்டு இல்லாத கிதார்

வாசிக்க எனக்கு ஒரு சுரம்கூடத் தெரியாது. ஆனாலும் வாங்கினால் எலெக்ட்ரிக் கிதார்தான் என்று பிடிவாதமாக இருந்தேன். கள்ளக்குறிச்சிக் கடையில் என் மனைவி கரண்டு தேவைப்படாத அக்கூஸ்டிக் கிதாரைத் தட்டிப் பார்த்து, "இத எடுங்க. கரண்டு போனா அத வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?" என்றாள். கரும்புக்கு மோட்டார் போட நாள் முழுக்கக் கரண்டுக்குக் காத்திருப்பவள் அவள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எலெக்ட்ரிக்கையே வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கச்சிராயபாளையம் கொண்டுவந்தேன்.

வீட்டில் ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டி மீட்ட ஆரம்பித்ததும் கரண்டு போனது. அவள் சிரித்தாள். நான் விடுவேனா? வெறுமனே கம்பியை மீட்டினேன். கொசு பாடுவதுபோல் இருந்தது.

"ஒண்ணுமே கேக்கலியே" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், கிதாரின் கட்டையில் காதை வைத்தாள். அப்படியே இருந்தாள்.

"உள்ள நல்லா கேக்குதுங்க."

கைக்கு வந்ததையே திரும்பத் திரும்ப மீட்டினேன்.

ஃபேன் சுற்றத் தொடங்கியது. கரண்டு வந்தால் சோற்றுத் தட்டைக்கூட விட்டுவிட்டு ஓடுகிறவள், காதை எடுக்கவில்லை.

"மோட்டாரு?" என்றேன்.

"இருக்கட்டும். நீங்க வாசிங்க" என்றாள்.