மாமி சந்தோசத்தில் விழுந்த நாள்

எங்கள் மாமிக்குச் சந்தோசத்தால்தான் மாரடைப்பு வந்தது என்று ஒன்பது வயதில் நான் யாரிடமும் சத்தியம் செய்து சொல்லியிருப்பேன். பக்கத்திலிருந்து பார்த்தவளாயிற்றே.

தேவாலயத் திருநாளையொட்டி உட்துறைமுகத்தில் தோணிப் போட்டி நடக்கும். அந்த வருடம்தான் முதன்முதலாகப் பெண்களுக்கும் வைத்தார்கள். மச்சாள், அதாவது மாமியின் ஒரே மகள், எங்களிடம் ஒரு சொல் கேட்காமல் சிநேகிதிகளோடு சேர்ந்து பெயர் கொடுத்துவிட்டாள். வீட்டில் பெரிய சண்டை. மாமா கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து மாமி கடற்கரைப் பக்கமே போனதில்லை.

"அப்பாவும் நல்லாத் துடுப்பு வலிச்சவர்தானேம்மா" என்று மச்சாள் சொன்னாள். போட்டியன்று மாமி எங்களுக்கு முன்பே சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

கரையெல்லாம் சனம். ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் தோளில். மச்சாளின் தோணி மூன்றாவதாகப் போய், மிதவையைச் சுற்றித் திரும்பும்போது ஒரு பக்கம் சரிந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது. கரையே "ஐயோ" என்றது. நிமிர்த்திவிட்டார்கள்! அதன் பிறகு அவர்கள் வலித்த வலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒன்றைத் தாண்டினார்கள், இன்னொன்றையும் தாண்டினார்கள், முதலில் கரை தட்டியது அவர்களுடைய தோணி! நான் அப்பாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். மச்சாள் தண்ணீரில் குதித்து ஓடிவந்து மாமியைக் கட்டிப்பிடித்தாள். மாமி சிரித்தார். சிரித்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் சரிந்தார். முகமெல்லாம் வேர்வை.

"வாயுவாயிருக்கும், சோடா குடுங்கோ" என்றார் ஒருவர். அப்பா கேட்கவில்லை, தூக்கி ஓட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தவுடன் மாரடைப்பு என்றார்கள். மச்சாள் ஈர உடுப்போடு விறாந்தையில் நின்று, "நான்தான் அம்மாவைச் சாகடிச்சிட்டன்" என்று அழுதாள்.

வேறு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இதயக் குழாய்களுக்குள் மருந்து விட்டுப் படம் எடுத்தார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது ஒரு பெண் டொக்டர் கட்டிலருகே நின்றார்.

"குழாய் ஒண்டும் அடைபடேல்லை. எல்லாம் திறந்துதான் கிடக்கு."

"அடைபடாமல் எப்பிடி டொக்டர் அட்டாக் வரும்?" என்று அப்பா, பழுதான சாமானைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் போலக் கேட்டார்.

டொக்டர் கையைப் பொத்திக் காட்டினார். "மனசு திடீரெண்டு அதிர்ந்தால் உடம்பில ஒரு சுரப்பு வெள்ளமா வரும். இதயத்தின்ர நுனி வேலை செய்யாமல் பலூன் மாதிரி ஊதி நிக்கும். நோவும் ஈசிஜியும் அட்டாக் மாதிரியேதான். கவனிக்காமல் விட்டா உயிருக்கும் ஆபத்து. இவவுக்குக் கொஞ்சக் கிழமையில சரியாகிடும்."

"மகள் வெண்ட சந்தோசத்திலயோ?" என்றார் அப்பா.

"சந்தோசத்திலயும் வரும். ஆனா குறைவு."

"பயத்தில?" என்று மாமி கேட்டார்.

"ஓம் அம்மா. அதுதான் கூட."

 மாமி கதவடியில் நின்ற மச்சாளைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்தார்.

"நீ வெண்ட சந்தோசம் பிள்ளை. நெஞ்சு தாங்கேல்லை."

மச்சாள் அழுதுகொண்டே சிரித்தாள். மாமி சொன்னதை ஊர் முழுக்கப் பரப்பியவள் நான். அதன் பிறகு எங்கள் வீட்டில் நல்ல செய்திகளை மாமிக்குத் தவணை முறையில்தான் சொன்னோம். பரீட்சை முடிவு வந்த அன்று நான் முதலில், "மாமி, பெயில் இல்லை" என்றேன். அவர் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "பாஸ்" என்றேன்.

அடுத்த திருநாளுக்கும் மச்சாள் தோணியில் ஏறினாள். கரையில் மாமி அளவுக்கு மீறி மகிழ்ந்துவிடக் கூடாதே என்று நான் அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை சில்லிட்டு நடுங்கியது. கடற்காற்றுக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.