யோபின் முதல் பத்துப் பிள்ளைகள்

அக்காவின் அறை வாசலில், கால் கட்டிய சேவல் ஒன்று படுத்தபடி என்னை முறைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுப் பெரியவர் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். முந்தின நாள் அவர்கள் ஊர்க் களத்தில் அக்கா கதை சொல்லியிருந்தார். தப்புச் செய்தாள் என்று ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து, கல்லெறிந்து கொல்லலாமா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். அவரோ பதில் சொல்லாமல் குனிந்து விரலால் தரையில் எழுதுகிறார். அந்த இடத்தில் இந்தப் பெரியவர்தான், “என்னன்னு எழுதுனாருங்க?” என்று கேட்டார். “அது வேதத்துல இல்லீங்க. எனக்குத் தெரியாதுங்க” என்றார் அக்கா. கூட்டம் தங்களுக்குள் பார்த்துக்கொண்டு சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்பது சேவலைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஊரில் சாமி கதை சொல்கிறவர் கதையை முழுசாகச் சொல்லிவிட மாட்டார். முக்கியமான முடிச்சைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். கேட்கிறவர் காணிக்கை கொண்டுபோய் வைத்தால்தான் அதை அவிழ்ப்பார். அக்காவும் அப்படித்தான் எதையோ மறைக்கிறார் என்று பெரியவர் முடிவு கட்டியிருந்தார். “மீதியச் சொல்லுங்கம்மா. கோழி பத்தாதுன்னாச் சொல்லுங்க, ஆடு பாக்கலாம்” என்றார்.

அக்கா சேவலைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். மறுநாள் இரண்டு சேவல்கள் வந்தன. வேதக்காரம்மா லேசுப்பட்டவள் இல்லை, விலையை ஏற்றுகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் எனக்குக் கோபம் வந்தது. “அந்த மனுஷங்க செஞ்ச பாவத்தைத்தான் எழுதினாருன்னு உங்களுக்கு வேதப் பள்ளியில சொல்லிக் குடுக்கலையாக்கா? அதையே சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றேன். “சொல்லிக் குடுத்தாங்க. சொல்லிக் குடுத்தவங்களும் அதப் பாக்கலியே, கண்ணு” என்றார். அவருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் அதிகம். ஆனால் பேசும்போது நடுவில் ஒரு கண்ணு போட்டுவிட்டால் என் வாய் அடைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

மிஷன்காரர்கள் எங்கள் இருவரையும் கொல்லிமலைக்கு அனுப்பியது யுத்தத்துக்குச் சில வருடங்கள் முன்பு. நான் மருந்துச்சாலை நர்ஸ். அக்கா என்று நான் கூப்பிட்டாலும் கூடப் பிறந்தவர் இல்லை, வீடு வீடாகப் போய் வேதம் சொல்கிறவர். அப்போது மேலே ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து ஏறி வர அரை நாள் ஆகும். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு சுமந்து போகிறவர்கள் திரும்பி வரும்போது எங்கள் கடிதங்களையும் உப்பையும் மண்ணெண்ணெயையும் கொண்டுவருவார்கள். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. பனி வாசல்வரை வந்து நிற்கும். எதிரில் இருக்கிற பலாமரம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேர் எத்தனை நாள்தான் பேசிக்கொண்டிருக்க முடியும்? பேச்சு தீர்ந்துபோய், தட்டில் நாங்கள் சோறு பிசைகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான். சாமையும் தேனும் கொடுப்பார்கள். ஆனால் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களை அழைக்க மாட்டார்கள். அந்தத் தனிமையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குளிர்கிறது.

அக்காவுடைய தனிமை வேறு மாதிரி. கல்யாணமான மறு வருடம் அவர் கணவர் ரங்கூன் அரிசி ஆலை ஒன்றுக்குக் கணக்கெழுதக் கப்பலேறினார். ஒரே ஒரு கடிதம் வந்தது. அப்புறம் ஏழு வருடமாக ஒன்றுமில்லை. அதைப் பற்றி எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது. மாமியார், அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்றார். அண்ணன், காலராவில் போயிருப்பார் என்றார். ஆயர் ஐயா, ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள் அம்மா, மனசுக்கு நிம்மதி என்றார். அக்கா எந்தப் பதிலையும் எடுத்துக்கொள்ளவில்லை. கழுத்தில் தாலி இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸுக்குப் புதுப் புடவை கட்ட மாட்டார். வருஷா வருஷம் மிஷனுக்கு எழுதி அனுப்பும் தாளில் ‘கணவர்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் பேனாவைப் பிடுங்கி நானே எதையாவது எழுதிவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கும்.

என் சுபாவம் அப்படி. இருமல் என்று வந்தால் ஒரு பாட்டில், வயிற்றுவலி என்று வந்தால் ஒரு பொட்டலம். யாரையும் வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லை. வேதத்தில் அக்கா தெரியாது என்று சொன்ன இடங்களை எல்லாம் நான் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மோசேயைப் புதைத்த இடம் எது? லாசரு செத்துக் கிடந்த அந்த நாலு நாளில் எங்கே இருந்தான், திரும்பி வந்தவன் அக்காமாரிடம் என்ன சொன்னான்? கெட்டுப்போன தம்பி வீடு திரும்பினபோது கோபித்துக்கொண்டு வெளியே நின்றானே அண்ணன், அவன் கடைசியில் விருந்துக்கு உள்ளே போனானா இல்லையா? ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் பிரசங்கத்தில் ஒரு பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அக்கா மட்டும் விட்ட இடத்தை விட்டபடியே வைப்பார். அதை நம்பிக்கைக் குறைவு என்றுதான் நான் நினைத்தேன். முகத்துக்கு நேராகவே சொல்லியுமிருக்கிறேன்.

ஊர்க்கோடியில் ஆட்டுப்பட்டி வைத்திருந்த ஒருத்தி உண்டு. ஒரே மழைக்காலத்தில் மலைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைக் கொடுத்தவள். நாங்கள் வருவதற்கு முன்பு நடந்தது அது. அப்புறம் பிறந்த ஒரு பையன் மட்டும் இடுப்பில் இருந்தான். அக்கா யோபின் கதையைச் சொன்ன அன்று அவள் களத்து ஓரத்தில் நின்று கேட்டாள். எல்லாவற்றையும் இழந்த யோபுக்குக் கடைசியில் கடவுள் ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை எல்லாவற்றையும் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறார். செத்துப்போன பத்துப் பிள்ளைகளுக்குப் பதிலாக வேறு பத்துப் பேர் பிறக்கிறார்கள். கூட்டம் கலைந்த பிறகும் அவள் போகவில்லை. “ஏனுங்கம்மா, ஆடு மாடெல்லாம் ரெண்டு பங்கா வந்துச்சு. புள்ளைங்க மட்டும் அதே பத்துத்தானுங்களா? அப்ப மொதல்ல செத்த பத்தும் எங்கீங்க?” என்று கேட்டாள். வேதம் படித்த எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. “தெரியலீங்க” என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு குடுவைத் தேன் வந்தது. அக்கா திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. அதுவும் திரும்பிப் போனது. பிறகு ஒரு மத்தியானம், அக்கா பக்கத்து ஊருக்குப் போயிருந்த சமயம், அவள் மருந்துச்சாலைக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேஜைமேல் ஒரு ஜோடி வெள்ளித் தண்டையை வைத்தாள். என் இரண்டு விரல்கூட நுழையாத தண்டை. “மூத்தவளுதுங்க. இதுக்கு மேல எங்கூட்டுல ஒண்ணுமில்லீங்க. அந்தம்மாகிட்டக் குடுத்து எப்படியாச்சும் சொல்லச் சொல்லுங்க” என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பதிலை எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செத்துப்போன ஆடுமாடு போனது போனதுதான், அதனால் இரண்டு மடங்கு. முதல் பத்துப் பிள்ளைகள் கடவுளிடம் உயிரோடு இருக்கிறார்கள், அதனால்தான் மறுபடி பத்து போதுமானதாக இருந்தது. அதை அப்படியே சொன்னேன். நிறுத்தியிருக்கலாம். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து மேலும் சொன்னேன். உன் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள், காய்ச்சல் இல்லை, பசி இல்லை, மூன்று பேரும் ஒன்றாக விளையாடுகிறார்கள் என்று நேரில் பார்த்தவளைப் போலச் சொன்னேன். அவள் என் காலில் விழுந்து கும்பிட்டாள். தண்டையை எடுத்துக்கொள் என்றால் கேட்கவில்லை, விலை கொடுத்தாயிற்று என்று போய்விட்டாள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. தண்டையை மருந்து அலமாரிக்குள் வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஆடி மாத மழையில் ஊர்க்கோடிக்குப் போய்வந்த அக்கா, குடையைக்கூட மடக்காமல் வந்து என் முன்னால் நின்றார். பட்டிவீட்டுப் பையனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். தூக்கி வரச் சொன்னால் தாய் வர மாட்டேன் என்கிறாள். “அங்க அவங்க மூணு பேரும் நல்லா வெளையாடிட்டு இருக்காங்களாம். இவனுக்கு இங்க தொணைக்கு ஆளில்லையாம். நர்ஸம்மா சொன்னாங்கன்னு சொல்றா” என்றார் அக்கா. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அலமாரியைத் திறந்து தண்டையை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “வா கண்ணு, போலாம்” என்று மட்டும் சொன்னார்.

குடிசைக்குள் பையன் கண் செருகிக் கிடந்தான். தாய் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. தண்டையை அவள் முன்னால் வைத்தேன். “நான் சொன்னது நானாச் சொன்னது. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது” என்றேன். என் வாழ்க்கையில் ஒரு நோயாளியின் வீட்டில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள். “அப்பப் பொய்யுங்களா?”

“பொய்யின்னும் எனக்குத் தெரியாதுங்க” என்றார் அக்கா. “அங்க இருக்காங்கன்னும் நான் பாக்கல, இல்லைன்னும் பாக்கல. இவன் மூச்சு விடறான். அது மட்டுந்தான் எனக்குத் தெரியுமுங்க.”

அவள் போட்ட சத்தம் எங்கள்மேல்தான். பிள்ளைகளை இரண்டாம் தடவையும் சாகடித்துவிட்டீர்கள் என்றாள். சொல்லிக்கொண்டே பையனைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் மழையில் இறங்கி நடந்தாள். எட்டு நாள் மருந்துச்சாலைத் தரையிலேயே கிடந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மருந்தைக் கரைத்துக் கொடுப்பேன், அவள் வாங்கிப் பையனுக்குப் புகட்டுவாள். அவ்வளவுதான் எங்களுக்குள். ஆறாம் நாள் அவன் கண் திறந்து கஞ்சி கேட்டான்.

அக்கா விளக்கு வைத்ததும் சத்தமாக ஜெபம் செய்கிறவர். எட்டாம் நாளும் செய்தார். பையனுக்கு, ஊருக்கு, எனக்கு என்று சொல்லிவந்து, வழக்கமான இடத்தில் குரலைத் தாழ்த்தினார். எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது. உயிரோடு இருக்கிறவர்களுக்காக ஜெபிக்காமல் இருக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். “அவரு இருக்கிற எடத்துல அவரோட இருங்க ஆண்டவரே” என்பார். கணவர் பெயரைக் கடவுளிடம்கூட அவர் சொன்னதில்லை. மூலையில் இருந்த தாய் தலை நிமிர்ந்தாள். புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கம் அவளுக்கும் உண்டு, யாரைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. “எங்கிருக்காருன்னு தெரியாதுங்களா?” என்று மட்டும் கேட்டாள். “தெரியாதுங்க” என்றார் அக்கா. எதையும் மறைத்து வைக்காத ஒருத்தியை அவள் அப்போதுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பையனை மடியில் இழுத்துக்கொண்டு, “எம்புள்ளைங்களையும் அதுல சேத்துக்கங்க” என்றாள். மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அத்தனை நாளில் அந்தப் பெயர்களை நாங்கள் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

ரங்கூனில் குண்டு விழுந்து ஜனங்கள் கால்நடையாகவே திரும்பி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்கா மலையை விட்டு இறங்கினார். வருகிறவர்களை ஊர் ஊராகப் போய் விசாரிப்பதாக ஒரு கார்டு போட்டார். பதில் எழுத விலாசம் இல்லை. அதற்கு அப்புறம் கார்டும் இல்லை. இன்று கீழே மகன் வீட்டில் இருக்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி இரண்டு மணி நேரத்தில் மேலே போய்விடுகிறார்கள். போன மாதம் எங்கள் கோயிலுக்கு வந்த இளம் ஆயர் யோபைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஏன் பத்துப் பிள்ளைகள்தான் என்று கேட்டு, நான் சொன்ன அதே பதிலை அதே நிச்சயத்தோடு சொன்னார். சனங்கள் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம், இருக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. சாயங்காலம் ஜெபத்தில் அந்த மூன்று பெயர்களைச் சொல்கிறேன். அக்கா கணவரின் பெயர் தெரியாததால் ‘அவரையும்’ என்கிறேன். பிறகு அக்கா பெயரைச் சொல்லி, இருக்கிற இடத்தில் அவரோடு இருங்கள் என்கிறேன்.