கண்ணாடி கிளாஸில் ஒரு டீ

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இன்று யாரோ இஞ்சி நசுக்கிப் போட்ட டீயின் வாசனை மூக்கில் ஏறியதும், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்ட அந்த நாள் நினைவில் துள்ளி எழுந்தது. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போன அம்மாவோடு நான் திரும்பிக்கொண்டிருந்த பஸ், வழியில் ஒரு டீக்கடை முன்னால் நின்றுவிட்டது. அப்போதெல்லாம் டீக்கடைகளில் எங்கள் காலனிக்காரர்களுக்கு, கூரைக்கு வெளியே கம்பியில் தொங்கும் நசுங்கிய அலுமினிய டம்ளர்தான். குடித்துவிட்டு நாங்களே கழுவி மாட்ட வேண்டும். அன்றோ பஸ்களுக்குப் பின்னால் பஸ்கள் வந்து நிற்க, அடுப்பு சீற, கிளாஸ்கள் கிணுகிணுக்க, யார் எந்த ஊர் என்று கேட்க நேரமில்லாத கடைக்காரர் அம்மாவின் கையில் ஒரு கண்ணாடி கிளாஸைத் திணித்தார். வெயிலில் அது செங்கல் நிறத்தில் மின்னியது.

"யம்மா, டீ இன்னா கலரு பாரேன்!" என்று குதித்தேன்.

"கத்தாதடி, குடி."

எனக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு மீதியைக் குடித்தவள், கழுவாமலேயே கிளாஸைப் பலகைமேல் வைத்தாள். கடைக்காரர்களைச் 'சாமி' என்றே கூப்பிட்டுப் பழகிய அம்மா, அத்தனை இரைச்சலையும் மீறிச் சொன்னாள்:

"இன்னொரு டீ போடுங்கண்ணா. சக்கர ஜாஸ்தியா."