ஸ்லாப்புக்குக் கீழே

நகரம் இடிந்ததை முழுசாகப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை. கிரேன்காரர் பார்த்தார். கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் உச்சியில், ஒரு ஆள் கால் நீட்டக்கூட இடமில்லாத கண்ணாடிக் கூண்டில் அன்று காலை உட்கார்ந்திருந்தார். கொக்கியில் கம்பிக் கட்டு தொங்கியது. கீழே நின்று சிக்னல் காட்டுகிறவனுக்கு நீளக் கழுத்து. அதனால் சைட்டில் எல்லாருக்கும் அவன் கொக்கு.

கம்பிக் கட்டு திடீரென்று தொட்டில் மாதிரி ஆடியது. வாக்கி டாக்கியில் கொக்கு கத்தினான்.

"அண்ணே, என்ன பண்றீங்க!"

"நான் ஒண்ணுமே பண்ணலடா!"

அப்புறம் கூண்டும் ஆடியது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடிய கண், வெளியே போனது. தூரத்தில் ஒரு கட்டடம், மயக்கம் வந்தவர் மாதிரி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. சத்தமே இல்லை. ஊர் பொய்க்கு விளையாடுகிறதோ என்று நினைக்கும்போதுதான் சத்தம் வந்து சேர்ந்தது. புழுதி எழும்பி தெருத்தெருவாக மூடிக்கொண்டே போய், அவர் வீடிருந்த பக்கத்தையும் மூடியது.

ஆட்டம் நின்றதும் அவர் கம்பிக் கட்டைப் பதமாகத் தரையில் இறக்கினார். சுவிட்சை அணைத்தார். கூண்டுக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த உயரத்தில் யார் திருட வரப்போகிறார்கள்? கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு எங்கேயோ போயிருந்தது. ஏணியில் இறங்கியது அவருக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

அவர் வீடு மாடியில். கீழே அவர் மச்சானின் மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை. மனைவியின் தம்பி; வாய் ஓயாத ஆள். ஓடிப் போய்ப் பார்த்தால் மாடி கீழே இறங்கிக் கடைமேல் படுத்திருந்தது. அவர் வீட்டு ஜன்னல் இடுப்பு உயரத்தில் இருந்தது. உள்ளே கொடியில் அவர் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

மனைவி தெருவில் நின்றாள், கையில் காலிக் குப்பை வாளியோடு.

"குப்பை கொட்டத்தாங்க போனேன்," என்றாள். "குப்பைதான் கொட்டப் போனேன்." வாளியை வாங்கப் பார்த்தார். விடவில்லை.

"தம்பி எங்க?"

அவள் கடையைக் காட்டவில்லை. வாளியைத்தான் பார்த்தாள்.

உள்ளேயிருந்து இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. தெருக்காரர்கள் கையால் கல்லை அள்ளினார்கள். கான்கிரீட் ஸ்லாப்பைக் கை என்ன செய்யும்? மத்தியானம் கொக்கு சைட்டிலிருந்த லாரி கிரேனை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வழியில் எத்தனை பேர் கும்பிட்டு மறித்தார்கள் என்பதை அவன் முகமே சொன்னது.

கிரேன்காரர் ஏறி உட்கார்ந்தார். தொங்குகிற சுமைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். இங்கே சுமைக்குக் கீழே ஆள் இருப்பதால்தான் தூக்கவே வேண்டியிருந்தது. மேல் ஸ்லாப்பை எடுத்து வைத்தார். அடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும்போது தரை மறுபடி ஆடியது. கூட்டம் சிதறி ஓடியது. கொக்கு மட்டும் நகரவில்லை. "பிடி" என்று காட்டிய கையை இறக்கவேயில்லை. அவர் பிடித்தார். பற்களெல்லாம் வலித்தன.

மச்சான் கிடைத்தான். உயிர் இருந்தது, வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாத மாதிரிதான். வெளியே எடுத்ததும் அவன் தண்ணீர் கேட்கவில்லை.

"அத்தான், டீச்சரம்மாவை எடுங்க. ரிப்பேருக்குக் கொடுத்த மிக்சியை வாங்க வந்தவங்க. இப்போ வரைக்கும் பேசிட்டே இருந்தாங்க. பயப்படாதேன்னு எனக்குத்தான் தைரியம் சொன்னாங்க."

டீச்சரை எடுத்தபோது உடம்பில் சூடு ஆறவில்லை. மூச்சு இல்லை. காயமென்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை, நெற்றியில் சுண்ணாம்புப் பொடி மட்டும். கிரேன்காரர் லீவரிலிருந்து கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். மனைவி அப்போதுதான் வாளியைக் கீழே வைத்தாள். தன் முந்தானையால் அந்த நெற்றியைத் துடைத்தாள். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

அடுத்த மாதங்களில் அவர் தெருத்தெருவாக ஸ்லாப் தூக்கினார். முதலில் ஆட்களுக்காக, பிறகு உடல்களுக்காக, கடைசியில் வெறும் குப்பைக்காக. விளையாட்டுத் திடலில் கூடாரம் போட்டு அரை ஊர் படுத்துக்கிடந்தது. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் அவரைக் கண்டால் வழிவிட்டார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மச்சான் செருப்புக் கடைக்காரனிடம் ஒற்றைச் செருப்புக்கு விலை பேசப் போவதாகச் சொல்லி நர்சைச் சிரிக்க வைத்தான். அவள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊர் மறுபடி எழும்பத் தொடங்கியதும் கம்பெனி டவர் கிரேனுக்குக் கூப்பிட்டது. "மேலே ஏற மாட்டேன்" என்றார். மனைவிதான் சொன்னாள்:

"கீழே இருந்து மட்டும் என்னங்க? தூக்கத்துல 'மெதுவா, மெதுவா'ன்னு கத்துறீங்க. ஒரு சுவராவது கட்டுறதைப் பாருங்க. இடிஞ்சதையே எத்தனை நாள் பார்ப்பீங்க?"

ஏறினார். மேலேயிருந்து பார்த்தால் ஊர் பல்லு விழுந்த வாய்மாதிரி இருந்தது. பொக்கைகளில் புதுக் கம்பிகள் முளைத்திருந்தன. காற்றுக்குக் கூண்டு லேசாக அசைந்தாலும் லீவரை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்காமலே கொக்கு வாக்கி டாக்கியில் "காத்துண்ணே, வெறும் காத்து" என்றான்.

மச்சான் தகரக் கொட்டகையில் கடை போட்டுவிட்டான். தகரம்தான் வேண்டுமென்று அடம். விழுந்தாலும் தலை வீங்கும், அவ்வளவுதானே என்கிறான். கிரேன்காரரும் மனைவியும் மாடியில்லாத வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கட்டில் வாசலை ஒட்டிக் கிடக்கிறது. தெருவில் லாரி போனால் அவள் எழுந்து நிற்கிறாள். நின்ற பிறகுதான் அது லாரி என்று அவளுக்குத் தெரிகிறது.